முதலில் வெந்நீர், பிறகு கார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. கூரையில் சோலாரா, மின்சாரக் காரா, எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் முன்னால் வெந்நீரைக் கவனி. வீட்டில் கரண்டை விழுங்குவது பெரும்பாலும் சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற 3.5 யூனிட் வேண்டும். அந்த 3.5 யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 16 நாள் அணையாமல் எரியும். விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டாரை விரட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

ஹீட் பம்ப் கீசர் அதே வேலையைச் சுமார் 1.2 யூனிட்டில் முடித்துவிடும். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தொட்டிக்குள் தள்ளுவதுதான் அதன் வேலை. அதனால் அடைசலான சிறிய அறையில் வைத்துவிடாதே; அறைக் காற்று குளிர்ந்துபோனால் இழுக்க வெப்பமில்லாமல் திணறும். சூடேற நேரமும் பிடிக்கும், தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்கு.

ஃபிரிட்ஜுக்கு ஒரு சின்னச் சோதனை: கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழு. வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்று.

இனி சோலார். பேனல் எத்தனை வாட் என்பதைவிட நிழல் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். பழைய மாதிரி பேனலில் 60 செல்களும், அதாவது வெயிலைக் கரண்டாக்கும் சிறு தகடுகளும், ஒரே சங்கிலி. அதை மூன்று துண்டாகப் பிரித்து, முடங்கிய துண்டைச் சுற்றிக் கரண்ட் போக வழிவிடும் டயோடு ஒன்றைத் துண்டுக்குத் துண்டு போட்டிருப்பார்கள். ஒரு செல்லை ஒரு குழாயின் நிழல் முழுதாக மறைத்தாலும் அந்தத் துண்டு மொத்தமும் ஒதுங்கிவிடும். துண்டுகள் நீளவாக்கில் ஓடுவதால், கைப்பிடிச் சுவரின் நிழல் அடிவிளிம்பில் விழும் இடத்தில் பேனலை நெட்டுக்குத்தாக வைத்தால் மூன்றும் போய்விடும். படுக்கையாக வைத்தால் ஒன்றுதான் போகும். செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த புதிய ஹாஃப்-கட் பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக ஓடுவதால், நெட்டுக்குத்தாக வைத்தாலும் இழப்பு பாதியோடு நிற்கும்.

பேனலின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். 60 டிகிரிக்குக் காய்ந்தால் எட்டில் ஒரு பங்கு போச்சு. கூரையோடு ஒட்டி மாட்டாமல், அடியில் காற்று ஓட ஒரு சாண் இடைவெளி விடச் சொல். இன்னொன்று, பேட்டரி இல்லாமல் வெளி லைனோடு மட்டும் இணைத்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்மீது கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, பழுதென்று நினைத்துவிடாதே.

கார் வாங்கினால் எல்லோரும் பேட்டரியைப் பற்றிப் பயப்படுவார்கள். நான் சாக்கெட்டைப் பற்றித்தான் பயப்படுவேன். மிக்ஸியும் இஸ்திரிப்பெட்டியும் ஓடும் நேரம் கொஞ்சம். கார் எட்டு மணி நேரம் முழு லோடில் இழுக்கும். திருகு தளர்ந்து அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வை. 16 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் இரவெல்லாம் செருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் பழுப்பேறும், பின்னின் பிடி இளகும், தடை இன்னும் கூடும். ஆகவே போர்டிலிருந்து காருக்கென்றே தனி வயர், தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஆனதும் பிளக்கைத் தொட்டுப் பார். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

கார் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் வாரம் ஒருமுறை 100 சதவீதம் வரை ஏற்று. நடுவில் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்பது காருக்கே குழம்பிவிடும். முழுதாக நிரம்பும்போதுதான் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த வகை என்றால் தினசரி 80 சதவீதத்தில் நிறுத்து, தூரப் பயணத்துக்கு முன்னால் மட்டும் நிரப்பு.

இப்போதைக்குப் பெட்ரோல் காரோடுதான் காலம் தள்ளப்போகிறாய் என்றாலும் ஒன்று உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டயருக்குக் காற்று, வண்டி ஓடுவதற்கு முன் ஆறியிருக்கும்போது பார். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

அடுத்த கடிதத்தில் மொட்டைமாடியின் படம் ஒன்று வரைந்து அனுப்பு. காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று ஆகிய வேளைகளில் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்திரு. மெயின் பிரேக்கரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்