யானைமலைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கதை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை யானைமலைக்குக் கூட்டிப் போகிறோம். மேலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற மலைதான். ஆனால் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் அந்த யானையின் காலடியில் நின்று நிமிர்ந்து பார்த்தவர்கள் யார் என்று வகுப்பில் கேட்டபோது நான்கைந்து கைகள்தான் உயர்ந்தன. எனக்கு வருத்தமாக இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதற்கு முன் அந்த மலையின் கதையை வீட்டில் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மதுரையை அழிக்கச் சோழன் சமணர்களைக் கொண்டு வேள்வி வளர்க்கிறான்; தீயிலிருந்து பெரும் யானை கிளம்பி வருகிறது; சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணை விட, யானை விழுந்து மலையாகிறது. இது திருவிளையாடற் புராணம் சொல்வது. பின்னால் வந்த பாம்பு நாகமலை, பசு பசுமலை. உங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி இருந்தால் திருத்தாதீர்கள், கேட்டபடியே சொல்லுங்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி வரட்டும்.

ஒன்றை மட்டும் நானே அவர்களிடம் பேசப் போகிறேன். கதையில் சமணர்கள் பகைவர்கள். மலையிலோ அவர்களுடைய கற்படுக்கைகளும், மகாவீரர், பாகுபலி சிற்பங்களும் இருக்கின்றன. அங்குள்ள சுமார் 2000 ஆண்டுப் பழைய கல்வெட்டு மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. புராணம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் இந்தப் பாறையில் யானையைப் பார்த்துவிட்டார்கள்.

அப்புறம், அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டிய மன்னரின் அமைச்சர் மாறன்காரி குடைவித்தது, ஆண்டு 770. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி அதை முடித்தார். இந்தச் சேதியைச் சொல்லும் கல்வெட்டின் முன் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கப் போகிறேன்.

2010-இல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். உங்களில் யாராவது அந்தப் போராட்டத்தில் இருந்திருந்தால் அதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

உச்சிக்கு ஏற மாட்டோம். தொப்பி, தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு போதும். சாக்பீஸ், மார்க்கர் பேனா வேண்டாம். சிற்பங்களுக்கு அருகிலேயே பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கூட வர விரும்பும் பெற்றோரும் வரலாம், கதை தெரிந்த பாட்டிகளும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்