பதிவறையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்

சிறு நகரங்களின் மன்றத் தலைவர்களுக்கும், ஆணையர்களுக்கும், பதிவறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆவணம் கேட்டு வருபவர் வெறுங்கையோடு திரும்புவதற்கு ரகசியம் மட்டுமே காரணமல்ல. கேட்ட பெயரில் கோப்பு இல்லாமல் போவதாலும் பலர் திரும்புகிறார்கள். ‘எங்கள் தெருவுக்குச் சாலை போட எவ்வளவு செலவானது?’ என்று ஒருவர் எழுதுகிறார். உங்களிடம் தெருவாரியாகக் கணக்கு கிடையாது. செலவு ஒப்பந்தக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு பணியின் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது. ஒரே பணியில் ஆறு தெருக்கள் அடங்கியிருக்கலாம். ‘அவ்வாறான தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் போகிறது. பதில் பொய்யில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது அத்தனையும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

மன்றத் தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், இறுதி பில் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இவற்றில் எம்-புக் என்று நீங்கள் சொல்லும் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. போட்ட சாலையின் நீளம், அகலம், கனம் அதில் வரிவரியாக இருக்கும், அளந்தவரின் கையெழுத்தோடு. அந்தப் பக்கத்தின் நகலும் ஓர் அளவு நாடாவும் இருந்தால், நீள அகலத்தை யாரும் தெருவிலேயே சரிபார்த்துவிடலாம். அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் உள்ள பதிவேடுகளின் பட்டியலை வெளியிடுங்கள். இந்தியத் தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(அ) பிரிவு, ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்கவே சொல்கிறது. பதிவேட்டுக்கு ஒரு வரி போதும்: பெயர், வைத்திருக்கும் பிரிவு, எந்த ஆண்டு முதல் இருக்கிறது, காகிதமா கணினியா, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கதவு எண்ணா, வார்டா, தேதியா, தீர்மான எண்ணா என்று தெரிந்தால்தான் கேட்பவர் சரியான திறவுகோலோடு வருவார். உங்கள் எழுத்தருக்கும் தேடும் வேலை மிச்சம். அழித்த கோப்புகளையும் எழுதுங்கள்: எந்த ஆண்டுக்கானவை, எந்தத் தேதியில், எந்த ஆணைப்படி. இந்த வரி இல்லாவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலை யாரும் நம்ப மாட்டார்கள்.

பதில் தரும் காலம் இந்தியாவில் 30 நாள், இலங்கையில் 14 வேலை நாள், பிரிட்டனில் 20 வேலை நாள். கோப்பு எங்கே என்று தேடுவதிலேயே அதில் பாதி கரைந்துவிட்டால், படித்துப் பார்த்துப் பதில் எழுத நேரம் ஏது?

இணையத்தில் ஏற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டின் தீர்மானங்களை ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து போடாதீர்கள்; கூட்டத்துக்கு ஒரு கோப்பு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில். பெயரை 2024-03-15 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். கணினியில் தட்டச்சு செய்ததை அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்வது வீண் வேலை. நேரடியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். அதுவும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தீர்மானம் திரையில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். தெருப் பெயரைத் தமிழில் தட்டித் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

தனிநபர் விவரங்களை மறைக்கும்போது மிகுந்த கவனம் தேவை. பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். ஏற்றும் முன் முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். மறைத்த அலைபேசி எண் அங்கே எழுந்து வந்தால், அச்சிட்டு, கறுப்படித்து, ஒருமுறை ஒளிநகல் எடுத்து, அந்த நகலை ஸ்கேன் செய்யுங்கள். அச்சிட்டு ஸ்கேன் செய்வது இங்கே மட்டும் வீணல்ல.

பட்டியல் முழுமையாகும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்மானப் பதிவேடு, ஒப்பந்தப் பதிவேடு, கட்டட அனுமதிப் பதிவேடு ஆகிய மூன்றுக்குமான வரிகளை எழுதி, விண்ணப்பம் வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இந்த மாதமே ஒட்டுங்கள். மற்றவற்றை அதன் கீழே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆவணம் கேட்பவர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுகிறவர்கள்