மேசையில் வைத்த அறிக்கை

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். கூட்டத்தில் உன் மேலாளர் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றதும் நீ அறிக்கையை எடுத்து விளக்கத் தொடங்கியதையும், மற்றவர்கள் பேச்சற்றுப் பார்த்ததையும், அன்றிரவு நீ சாப்பிடாமலே படுத்துவிட்டதையும் அறிந்து இருவருமே வருந்தினோம். உன்மேல் பிழையில்லை, அம்மா. நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்வதென்றால் அவையில் முன்வைப்பது. அது பிரிட்டனிலிருந்து நமக்கு வந்த வழக்கு. நீ இருக்கும் அமெரிக்காவிலோ அதற்கு ‘இப்போதைக்கு ஆறப்போடுவோம்’ என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகளே இந்தச் சொல்லுக்காக நெடுநேரம் வாதாடி, கடைசியில்தான் இரு தரப்பும் விரும்புவது ஒன்றே என்று உணர்ந்ததாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

பள்ளியில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நான், மரபுத்தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, எதிரே ஒரு வரிப் பொருளையும் எழுதி, தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொன்னேனே தவிர, அவற்றை எந்த ஊரில், யார், யாரிடம் சொல்வார்கள் என்று ஒருநாளும் சொல்லித் தரவில்லை என்பது இப்போது உறுத்துகிறது. சீட்டுப் பணத்தோடு ஒருவர் கம்பி நீட்டிவிட்டார் என்று ஆச்சி சொன்னபோது, நீ வாசலுக்கு ஓடி அந்தக் கம்பியைத் தேடியது நினைவிருக்கிறதா? அதற்கு யாரும் உனக்கு உரை சொல்லவில்லை. பலர் வாயிலும் கேட்டுக் கேட்டு நீயே தெரிந்துகொண்டாய்.

அமெரிக்கத் தொடர்கள் பலவற்றின் பின்னே பேஸ்பால் ஆட்டம் இருக்கிறது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் குத்துமதிப்பான கணக்கு. ‘டச் பேஸ்’ என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வது. நீ விருந்துக்கு அழைத்த தோழி ‘ரெயின் செக்’ கேட்டதாகவும், வானம் தெளிந்திருக்க ஏன் மழையைச் சொன்னாள் என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். மழையால் ஆட்டம் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்ப்பதற்கு ரசிகர்களுக்குத் தரப்பட்ட சீட்டின் பெயர் அது. இன்னொரு நாள் வருகிறேன் என்று அவள் பணிவாகத் தெரிவித்திருக்கிறாள். நீ மனத்தாங்கல் கொள்ளாமல் மறுபடியும் அவளைக் கூப்பிடு.

புரியாத தொடர் காதில் விழுந்தால் அங்கேயே கேட்டுவிடு, கேட்பதில் இழுக்கில்லை. ஆனால் ஒரு தொடரை நான்கைந்து பேர் வெவ்வேறு இடங்களில் சொல்லிக் கேட்கும்வரை நீ பயன்படுத்தாதே; நண்பர்களிடையே இனிக்கும் தொடர் மேலதிகாரியிடம் கசக்கக்கூடும். இந்த மாதம் புதிதாகக் கேட்டவற்றை, யார் எப்போது சொன்னார்கள் என்ற குறிப்போடு அடுத்த கடிதத்தில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா