553 எச்சரிக்கைகள் வந்தும் விழிக்காத மென்பொருள் ஃபங்ஷன்: புகாரும் கோரிக்கையும்

குவாத்ர் போர்ன், மொரிஷியஸ்
10 மார்ச் 2025

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள், கிளவுட் (இணையவழிக் கணினி) சேவை நிறுவனம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் சென்னை உதவி மையத்திலிருந்து என்னோடு பேசிய பெண்மணி, புகாரைத் தமிழிலேயே எழுதலாம் என்றார். நான்கு வாரங்களாக ஆங்கிலத்தில் எழுதிய ஒன்பது மின்னஞ்சல்களுக்கும் நேரான பதில் வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து தமிழில் சொல்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் இங்கே இருவர் மட்டும் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்துகிறேன். எங்கள் தெருவில் மாடு வளர்த்துப் பால் விற்கும் அக்கா ஒருவருக்கு, பால் வைக்கும் குளிர் அறைக்காக ஓர் எச்சரிக்கை ஏற்பாடு செய்து கொடுத்தேன். அறையில் பேட்டரியில் ஓடும் வெப்ப உணரி இருக்கிறது. வெப்பம் 7 டிகிரியைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒரு செய்தியை உங்கள் செய்திச் சேவைக்கு அனுப்பும். அந்தச் செய்தி வந்ததும் உங்கள் தளத்தில் நான் ஏற்றிய சர்வர்லெஸ் ஃபங்ஷன், அதாவது செய்தி வந்தால் மட்டும் இயங்கும் சிறு நிரல், விழித்து, அக்காவுக்கும் அவர் மகனுக்கும் எனக்கும் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. எட்டு மாதம் ஒழுங்காக நடந்தது.

பிப்ரவரி 11 இங்கே தைப்பூசக் காவடி, பொது விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்தவர்கள் காவடி எடுத்து, பால் செம்பைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். எங்கள் ஊரில் கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். கோயில் சேரும்வரை செம்பில் இருக்கும் பால் கெடக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் நம்பிக்கை. அன்றைக்குப் பால் மாவைக் கரைத்து ஊற்ற யாருக்கும் மனம் வராது. ஆகவே முப்பது குடும்பங்கள் அக்காவிடம் முன்பணம் கொடுத்துப் பசும்பாலுக்குச் சொல்லி வைத்திருந்தன. இருபது லிட்டர் கேன்கள் ஒன்பது, மொத்தம் 180 லிட்டர், 10ஆம் தேதி மாலை அறைக்குள் வைக்கப்பட்டன.

அன்று மாலை கம்ப்ரஸரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, வெப்பம் 7 டிகிரியைத் தாண்டி, இரவு 7:42க்கு முதல் எச்சரிக்கை கிளம்பியது. கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். அது ஒலிக்கவே இல்லை. விடியற்காலை 4:54க்குக் கதவைத் திறந்த அக்கா, உள்ளே குளிரே இல்லாததை உணர்ந்து, உணரியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். உணரியின் திரையில் 22 டிகிரி. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கிண்ணம் பாலை அடுப்பில் வைத்திருந்தார். பொங்கும் முன்பே ஓரத்தில் வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. அடியில் பச்சைத் தண்ணீர் பிரிந்தது. புளித்த வாடை. அடுத்த கேன், அதற்கடுத்த கேன், எல்லாம் திரிந்துவிட்டது. அக்கா திட்டவில்லை. "செம்போடு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி என் காதில் கேட்கிறது.

இனி உங்கள் பக்கம். 7:42 முதல் 4:54 வரை 553 செய்திகள் உங்கள் செய்திச் சேவைக்கு வந்து சேர்ந்ததாக உங்கள் கணக்கே காட்டுகிறது. ஃபங்ஷன் ஒருமுறைகூட இயங்கவில்லை. ஆனால் உங்கள் கண்காணிப்பு முகப்பில் பிழை எண்ணிக்கை பூஜ்யம், எல்லாம் பச்சை. இயங்காத ஃபங்ஷன் பிழை செய்யாது என்பதால் பூஜ்யம்! இதைத்தான் நான் பெரிய குறையாகச் சொல்கிறேன். வீட்டு வாசலில் 553 பேர் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். உங்கள் பலகை வீட்டுக்குள் இருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு குறையுமில்லை என்று எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் முதல் உதவியாளர், "313 செய்திகள்தான் வந்தன, 553 அல்ல" என்று எழுதினார். நான் கொடுத்த உள்ளூர் நேரத்தை அவர் யுடிசி (உலகப் பொது) நேரமாக எடுத்துக்கொண்டு லாக் பதிவை, அதாவது நிகழ்வுக் குறிப்பை, தேடியிருக்கிறார். மொரிஷியஸ் அதைவிட 4 மணி நேரம் முன்னால். விடுபட்ட 240 செய்திகளும் அந்த 240 நிமிடங்களே. இதைப் புரியவைக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. இரண்டாமவர் ஃபங்ஷனை மீண்டும் ஏற்றச் சொன்னார். மூன்றாமவர் என் நிரலில் தவறிருக்கலாம் என்றார்.

அதனால் நானே தேடினேன். அதே செய்தியைக் கையால் கொடுத்து ஃபங்ஷனை இயக்கினேன். இரண்டு விநாடியில் மூன்று கைப்பேசிகளும் ஒலித்தன. ஆக, நிரல் சரி. செய்திகள் வந்து சேரும் அதே டாபிக்கில் (தடத்தில்) இன்னொரு சந்தாவைச் சேர்த்து நானாகச் செய்திகளை இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. ஆக, செய்திச் சேவையும் சரி. கோளாறு இரண்டுக்கும் நடுவில். செய்தி ஃபங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் லாக் பதிவு உங்கள் சேவையில் இயல்பாகவே அணைந்திருக்கிறது. அதை முடுக்கிவிட்டுச் சோதனைச் செய்தி ஒன்று அனுப்பியதும் வந்தது விடை: 403, அதாவது அனுமதி மறுப்பு. ஃபங்ஷனை அழைக்கும் சேவைக் கணக்குக்கு அதற்கான அனுமதியே இல்லை. அனுமதியைத் திரும்பக் கொடுத்ததும் எல்லாம் ஓடியது.

அனுமதியை எடுத்தது யார்? பிப்ரவரி 14 அன்று உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சல் சொல்கிறது: பாதுகாப்பை மேம்படுத்த, 7ஆம் தேதி இயல்பு அனுமதிகளை மாற்றினீர்களாம். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றி ஏழு நாள் கழித்துச் சொல்வதா?

இன்னொன்று. மறுக்கப்பட்ட செய்தியை உங்கள் சேவை அப்படியே விட்டுவிடுகிறது. அமேசானின் இதே போன்ற லாம்டா சேவையில், பதிலுக்குக் காத்திராத (ஒத்திசைவற்ற) அழைப்பு தோற்றால் இயல்பாகவே இன்னும் இருமுறை முயலும். கூகுளின் செய்திச் சேவையான பப்/சப், பெற்றதாக ஒப்புகை வராத செய்தியை இயல்பாக 7 நாள் வைத்திருக்கும். தோற்ற செய்திகளை ஒதுக்கி வைக்கும் தனி வரிசை உங்களிடமும் உண்டு. ஆனால் அதை நாமே தேடிக் கண்டுபிடித்து இணைக்க வேண்டும்.

தினமும் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பாதது என் தவறு. இப்போது காலையும் மாலையும் ஒன்று போகிறது. பதில் வராவிட்டால் வேறொரு நிறுவனத்தின் வழியே எனக்குத் தொலைபேசி அழைப்பு வரும்.

பிப்ரவரி மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டணம் முப்பது ரூபாய்கூட இல்லை. எனக்கு அது வேண்டாம். அக்கா இழந்த பாலின் விலை 10,800 மொரிஷியஸ் ரூபாய்; முன்பணத்தை அவர் தன் கையிலிருந்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தொகையை அவருக்கு ஈடு செய்யுங்கள். 7ஆம் தேதி மாற்றத்தால்தான் இது நடந்தது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். கொண்டுபோய்ச் சேர்க்கப்படாத செய்திகளின் எண்ணிக்கையை, பிழை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே முகப்பில் காட்டுங்கள். அனுமதியில் கை வைக்கும் முன்பு, அதனால் எந்த ஃபங்ஷன் நின்றுபோகும் என்று பெயரோடு எங்களுக்குத் தெரிவியுங்கள்.

மார்ச் 24க்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். அந்தப் பதிலை எனக்கு மட்டுமல்லாமல் அக்காவுக்கும், அவர் படிக்கக்கூடிய தமிழில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்