விலைத்தாளில் ஒரு வரி சேருங்கள்

திருப்பூரில் பின்னலாடை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளின் கொள்முதல் பிரிவினருக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். உங்கள் மெயிலுக்குப் பதில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, சொன்ன தேதிக்குள் சரக்கைத் தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்புவது, இதுதான் என் பிழைப்பு. நாம் தினமும் பேசிக்கொள்கிறோம். அந்த மெயில்களில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வழியாக நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. விவசாயத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள். சில வருடங்களிலேயே அதில் தேங்கியது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் விட்ட சாயத் தண்ணீர். சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணைக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

வழக்கு நீதிமன்றம் போனது. சாயக் கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்கவில்லை என்றதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. விவசாயிகள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

இப்போது எப்படி நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த தண்ணீர் பைப் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே முதலில் நிறத்தை எடுக்கிறார்கள். அப்புறம் ஆர்ஓ சவ்வில் வடிகட்டி உப்பைப் பிரிக்கிறார்கள். பெரும்பங்கு தண்ணீர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பிவிடும். மிஞ்சுவதுதான் சங்கடம். டீ டிகாஷன் மாதிரி கெட்டியாக இருக்கும் அந்த உப்புத் தண்ணீரை ஆவியாக்கிச் சுண்டவைக்க வேண்டும். அதற்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு, இரவு பகலாகக் கரண்ட். கடைசியில் கிடைக்கும் உப்பில் ஒரு பகுதியைத் திரும்பச் சாயத்துக்கு எடுக்கலாம். எதற்கும் உதவாத கலவை உப்பை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கி வைக்கிறார்கள். ஒருமுறை அந்த ஷெட்டுக்குள் போய் நின்று பாருங்கள். நீங்கள் விற்கும் கறுப்பு டி-ஷர்ட்டின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு சாயக்கூலியில்தான் ஏறுகிறது. விலைத்தாளில் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வரிசையாக எழுதி அனுப்புகிறேன். ஒரு பிராண்டின் அலுவலகத்திலிருந்து ஒருமுறை பதில் வந்தது: வேறு ஊரில் சாயம் இதைவிடக் குறைவு, பீசுக்கு பத்து சென்ட் குறையுங்கள் என்று. அந்த வேறு ஊரில் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. அதே வாரம் அதே பிராண்டின் இன்னொரு பிரிவு, நாங்கள் தண்ணீரை எப்படிக் காக்கிறோம் என்று கேட்டு நீளமான படிவம் அனுப்பியிருந்தது.

அந்தப் பத்து சென்ட்டைக் குறைத்தோம். நூல் விலை எங்கள் கையில் இல்லை, சாயக்கூலியும் இல்லை. மிச்சம் இருந்தது தையல். ஜாப் ஒர்க் கொடுத்த இடத்தில் பீஸ் ரேட்டைக் குறைத்துப் பேசினோம். பேசியவன் நான்தான். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "சனிக்கிழமை சம்பளத்துல எவ்வளவு குறையும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். இன்னும் அது என் காதில் இருக்கிறது.

நேரமும் பணம் மாதிரிதான். கலர் அப்ரூவலைப் பத்து நாள் தாமதமாகக் கொடுத்துவிட்டு ஷிப்மென்ட் தேதியை மட்டும் நகர்த்த மாட்டேன் என்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் இங்கே ஒன்றரை ஷிப்டாக, இரண்டு ஷிப்டாக மாறுகிறது. அப்புறம் தொழிலாளர் நிலையைச் சோதிக்க நீங்கள் அனுப்பும் ஆடிட்டர் வந்து ஓவர்டைம் கணக்கைப் புரட்டுகிறார்.

உங்கள் நாடுகளில் சட்டங்கள் வந்திருப்பது தெரியும். பொருளைச் செய்து தரும் இடங்களில் மனித உரிமை மீறல் நடக்காமல் பார்ப்பது வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பும்தான் என்று சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்லது. ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது அது இன்னொரு உறுதிமொழிப் படிவமாகத்தான் சேருகிறது. பொறுப்பில் எங்கள் கையெழுத்து, விலையில் பழைய எண்.

செய்ய முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்க, தொழிற்சங்கத்தோடு எச் அண்ட் எம், கேப், பிவிஎச் போன்ற பிராண்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டன. விதியை மீறினால் வியாபாரமே பாதிக்கும் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டதால்தான் அதற்கு வலு. அதே வலு ஆற்றுக்கும் கூலிக்கும் வேண்டும். நூற்பு மில்லில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும். உங்கள் ஆடிட் பெரும்பாலும் தையல் கம்பெனி கேட்டோடு திரும்பிவிடுகிறது.

அடுத்த சீசனுக்கு விலை கேட்டு சீக்கிரமே மெயில் அனுப்புவீர்கள். அந்தத் தாளில் சாயத்துக்குக் கீழே, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு என்று தனியாக ஒரு வரி சேருங்கள். தையல் கூலிக்கும் அப்படியே. பில்லைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறோம். பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு வரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்