வகுப்பில் பேசாதவர்கள் எழுதுகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்ற குறை கல்லூரி ஆசிரியர்களிடையே அடிக்கடி எழுவதால், திருப்பூர்ப் பகுதியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில், இணைய விவாத மன்றம் இதற்கு ஒரு வழியாகலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அறுபது பேர் நடுவே எழுந்து, தடுமாறும் ஆங்கிலத்தில் ஐயம் கேட்பதைவிடப் பேசாமலிருப்பதே மேல் என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. சென்ற பருவத்தில், இணையவழிக் கற்பித்தலுக்கான மூடுல் மென்பொருளின் விவாத மன்றத்தில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டது எதனால் என்று கேட்டு, தமிழிலும் எழுதலாம் என்று குறிப்பிட்டிருந்தேன். அதுவரை ஒரு சொல்லும் பேசியிராத மாணவி ஒருவர், சாயப்பட்டறையில் வேலை செய்யும் தம் தந்தையிடம் கேட்டறிந்து, பருத்தியில் சாயம் ஏறுவதற்காக மூட்டை மூட்டையாகச் சேர்க்கும் உப்பு, நிறத்தை நீக்கிய பிறகும் நீரிலேயே தங்கிவிடுவதை அரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தார். நீரை அழுத்தி மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி உப்பைத் தடுக்கும் எதிர் சவ்வூடு பரவல் முறையில் அதைப் பிரிக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்க, அப்படிப் பிரித்தபின் மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க ஆகும் எரிபொருள் செலவை இன்னொருவர் நினைவூட்டினார். என் விரிவுரை எதுவும் அவர்களை இவ்வளவு தூரம் கொண்டுசென்றதில்லை.

எல்லாக் கேள்விகளும் இப்படிப் பலன் தருவதில்லை. பாடநூல் வரையறையைக் கேட்டபோது மன்றத்தில் எழுதிய நாற்பது பேரும் ஒரே விடையைத்தான் ஒட்டினார்கள். தம் விடையைப் பதிந்த பிறகே பிறர் விடையைக் காண முடிகிற வகை மன்றம் மூடுலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தியபின் நகலெடுப்பது பெரிதும் குறைந்தது. வாட்ஸ்அப் குழுவோ இதற்கு ஈடாகாது. அங்கே தேர்வுக் கட்டண அறிவிப்புகளுக்கு அடியில் நல்ல கேள்வி ஒரே நாளில் புதைந்துவிடுகிறது.

ஆசிரியர் எட்டிப் பார்க்காத மன்றத்தில் மாணவர்களும் இரண்டாம் வாரமே எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். நாற்பது பதிவுகளைப் படித்து மறுமொழி எழுத எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆகின்றன. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் காணொளி, பாடக் குறிப்பு, தன்மதிப்பீடு ஆகியவற்றோடு விவாத மன்றமும் பாடத்தின் ஓர் அங்கமாகவே வகுக்கப்பட்டுள்ளது. எங்கள் கால அட்டவணையிலோ அதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தையாவது ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கவும், தமிழில் எழுதும் பதிவுகளுக்கும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் வழங்கவும் பல்கலைக்கழகங்கள் ஆணையிட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
பல்லடம்.