போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்க மறுத்தவர்கள்

மொரிஷியஸ் பிரதமர் மாண்புமிகு நவீன்சந்திர ராம்கூலம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அந்த உரிமையில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் தந்தை சிவசாகர் ராம்கூலத்தை உங்கள் மக்கள் 'சாச்சா' (சித்தப்பா) என்று அழைத்தார்கள். 1968 மார்ச் 12 அன்று போர்ட் லூயியின் ஷாம் தெ மார்ஸ் திடலில் கொடி ஏறியது அவர் தலைமையில்தான். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் சுமார் 44 விழுக்காட்டினர் விடுதலைக்கு எதிரான அணிக்கு வாக்களித்திருந்தார்கள். அப்படிப் பிளந்து கிடந்த ஊரைக் கரை சேர்த்தது லேசான காரியமல்ல.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை பேசப்பட்டது: அன்று மொரிஷியஸோடு சேர்ந்திருந்த, இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகள். 1965 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் பிரதமர் ஹரோல்டு வில்சன் உங்கள் தந்தையைச் சந்தித்தார். அதற்கு முன் வில்சனுக்கு அவருடைய அதிகாரி எழுதிய குறிப்பு இன்று எல்லோரும் அறிந்தது: நம்பிக்கை காட்டியே அவரை அச்சுறுத்த வேண்டும், விடுதலை கிடைக்கலாம் என்பது நம்பிக்கை, சாகோஸ் விஷயத்தில் விவேகமாக நடக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது அச்சம். அன்று மாலைக்குள் தீவுகளைப் பிரித்து பிரிட்டனே வைத்துக்கொள்ள ஒப்புதலாகிவிட்டது. ஈடு 30 லட்சம் பவுண்டு. அடிமை நாட்டுத் தலைவர் ஒருவர் அந்த அறையில் வேறென்ன செய்திருக்க முடியும்? 2019இல் உலக நீதிமன்றமும் அந்தப் பிரிப்பு முறையற்றது என்றே சொன்னது. அதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை.

என் மனக்குறை அதற்குப் பிந்தையது. மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரிஷியஸ் வந்த சாகோஸ் மக்களுக்கு, ஊர் திரும்பக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராணுவத் தளத்துக்காக 1971இல் சாகோஸின் பெரிய தீவான டீகோ கார்சியா காலியானது. வளர்த்த நாய்களைக்கூடக் கொப்பரைக் கொட்டிலில் அடைத்துப் புகையிட்டுக் கொன்றார்கள். 1973இல் சாகோஸின் பெரோஸ் பன்யோஸ் தீவுகளும் வெறிச்சோடின. அங்கிருந்து நோர்ட்வேர் கப்பலில் வந்தவர்கள் போர்ட் லூயியில் இறங்கவே மறுத்தார்கள். அந்த மறுப்பு நடந்தது விடுதலை பெற்ற மொரிஷியஸில், உங்கள் தந்தையின் ஆட்சியில்.

அவர்களுக்காக பிரிட்டன் 1972இல் 6.5 லட்சம் பவுண்டு கொடுத்தது. அது அந்தக் குடும்பங்களின் கைக்குப் போனது 1977, 78இல். அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. பலர் கடனில் மூழ்கியிருந்தார்கள். லண்டனின் மிரட்டலுக்குப் பணிந்ததை மன்னிக்கலாம். வந்த பணம் போர்ட் லூயியிலேயே ஐந்தாண்டு தூங்கியதற்கு லண்டன் பொறுப்பில்லையே!

2025 மே 22 அன்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இறையாண்மை உங்களுக்கு. டீகோ கார்சியா ராணுவத் தளம் பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு. சாகோஸ் மக்களுக்கென 4 கோடி பவுண்டு நிதியம். தந்தை இழந்ததை மகன் மீட்கிறார் என்பது நல்ல கதைதான். ஆனால் தங்களைக் கேட்கவே இல்லை என்று சொல்லி, பிரிட்டனில் வாழும் சாகோஸ் பெண்கள் இருவர் கையெழுத்து நாளன்று கூட நீதிமன்றம் போனார்கள்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். அந்த நிதியத்தை நடத்துபவர்களில் பெரும்பான்மையினர் சாகோஸ் மக்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கட்டும். அமைச்சகத்தின் கோப்புக்குள் அது இன்னொரு முறை உறங்க வேண்டாம். டீகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மக்களைக் குடியேற்ற அந்த ஒப்பந்தம் உங்களுக்கு வழிவிடுகிறது. பெரோஸ் பன்யோஸுக்கும் அதன் அருகிலுள்ள சாலமன் தீவுகளுக்கும் திரும்ப விரும்புவோர் யார் யார் என்று இப்போதே கேட்டுப் பட்டியல் எடுங்கள். அங்கே பிறந்தவர்களில் கடைசிக் குழந்தைக்கும் இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
தமிழகத்திலிருந்து ஒரு வாசகர்